பரமகுரு சார் அன்பளிப்பு

காலத் தூக்கி அது மேலயே வைங்க தம்பி. ஒண்ணும் ஆகாது. மண்ணெண்ணெய் அடுப்புதான். உள்ள எண்ணெய் இல்ல, வாசம் மட்டும் இருக்கும், அதுக்கு நான் பொறுப்பில்ல. கண்டக்டர் பாத்த பார்வையப் பாத்தீகளா? என்னமோ வெடிகுண்டக் கொண்டாந்து ஏத்துன மாதிரி. கலர்த்தாள் சுத்தி ரிப்பன் கட்டிக் கொண்டு வாரேன், அது தெரியல அவருக்கு.

எங்க எறங்குறீக, செம்பட்டியா? நல்லது. நான் திண்டுக்கல். செம்பட்டி வரைக்கும் பேச ஆள் கெடச்சுச்சு. சன்னல் பக்கம் பாக்காதீக, வெறும் தென்னந்தோப்புதான்.

சட்டையப் பாக்குறீகளா? இது மதுரையில ஒரு டிரஸ்டுக்காரக ஒருநாள் கிளாஸ் எடுத்து, முடிஞ்சதும் போட்டுவிட்ட சட்டை. முதுகுல வட்டமா மூணு அம்புக்குறி இருக்கும். இருங்க, திரும்புறேன். தெரியுதா? ஒண்ண ஒண்ணு தொரத்துது. அதுதான் நம்ம தொழில். வீடு காலி பண்ணித் தர்றது. வீடு மாத்துறது இல்ல தம்பி, அது லாரிக்காரன் வேல. சில வீட்டுல சாமான் சேந்து சேந்து மனுசன் படுக்க எடமில்லாமப் போயிரும் பாருங்க, அந்த மாதிரி வீடு. உள்ள போயி, பிரிச்சு, இரும்பு தனியா, பேப்பர் தனியா, கிழிஞ்ச துணி லேத் பட்டறைக்கு, சாக்கு வத்தல் மண்டிக்கு, உடைஞ்ச குடம் பிளாஸ்டிக் அரைக்கிறவகளுக்கு. நல்லா இருக்குறது நல்லா வச்சிருக்கிறவக கைக்கு. என் வண்டியில இருந்து ஒரு முறம் குப்பை ஊருக்கு வெளிய கெடங்குக்குப் போச்சுன்னு எவனாச்சும் சொல்லட்டும், இந்தச் சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு அப்படியே பனியனோட போறேன்.

கிளாஸ் எடுத்த அந்தம்மா சொன்னாக, "ஒரு பொருளுக்கு ஆயுசு இருக்குற வரைக்கும் அத வாங்கிக்கிற ஒரு கை எங்கயோ இருக்கு"ன்னு. மத்தவுக எல்லாம் டீக்கு எப்ப விடுவாகன்னு பாத்துக்கிட்டு இருந்தாக. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அந்தக் கைய நான் ஊரெல்லாம் தேடுனேன் தம்பி. தேடுனதுக்கு இப்ப எங்க தெருவுல என்னையக் கண்டாக் கதவச் சாத்துறாக. பரமகுரு சார் கதையக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேலன்னு.

சார் சின்னமனூர்ல எங்க தெருவுதான். கரண்டு ஆபீசுல இருந்து ரிட்டயர் ஆனவரு. தங்கமான மனுசன். குடிக்க மாட்டாரு, சீட்டு ஆட மாட்டாரு. எதையும் தூக்கிப் போட மாட்டாரு, அம்புட்டுதான். பீங்கான் பியூஸ் கட்டை சாக்குச் சாக்கா இருக்கும். குடைக்கம்பி தனியா, குடைத்துணி தனியா. சாமி படம் போட்ட காலண்டர் அட்டை, அவரு கல்யாணம் ஆன வருசத்துல இருந்து. சாமிய எப்படிக் கிழிக்கிறதும்பாரு. ஞாயந்தானே? றெக்கை இல்லாத பேன். பேன் இல்லாத றெக்கை. அதுவும் இதுவும் சேராது, வேற வேற கம்பெனி. மூணு கால் நாற்காலி ஒண்ணு. "சார், இதக் குடுத்துரலாமா"ன்னேன். "பெத்தணா, மூணு கால் நல்லா இருக்குல்ல, அதப் பாரு"ன்னாரு. நான் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.

வாசல்ல இருந்து அடுப்படிக்கு ஒத்தையடிப் பாதை. ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் குளியலறைக்குள்ள ஒதுங்கணும். அவரு வீட்டம்மா சௌந்திரவல்லி, மகளுக்குப் பிரசவம்னு திண்டுக்கல் போனாக. பிரசவம் முடிஞ்சுச்சு. பிள்ளை குப்புற விழுந்து, தவந்து, நடந்து, பேசவும் ஆரம்பிச்சிருச்சு. அம்மா திரும்பல. சார் வெளிய யாராச்சும் கேட்டா, "பிரசவத்துக்குப் போயிருக்கா"ன்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு.

இப்படி இருக்கையில அவருக்கு அறுபது வருது. அறுபதாம் கல்யாணம் பண்ணணும்னு மக ஒத்தக் கால்ல நிக்கிது. சௌந்திரவல்லியம்மா ஆள் விட்டுச் சொன்னாக, "ஹால்ல ஒரு கட்டில் போட எடம் இருந்தா வர்றேன். கைகால நீட்டிப் படுக்கணும் எனக்கு. எடம் இல்லன்னா அந்த மண்ணெண்ணெய் அடுப்பு கழுத்துல கட்டச் சொல்லு தாலிய. அதத்தான் இம்புட்டு நாளா பொண்டாட்டி மாதிரி பாதுகாத்தாரு." 

இந்த அடுப்புத்தான் தம்பி. உங்க காலுக்குக் கீழ இருக்குறது.

சார் என்னையக் கூப்பிட்டாரு. வாசப்படியில உக்காந்துக்கிட்டு, ஏன்னா உள்ள உக்கார எடமில்ல, "பெத்தணா, அவ இல்லாம எனக்குச் சோறு எறங்கல. என்ன செய்வியோ செய். ஆனா எதையும் குப்பைன்னு சொல்லிராத"ன்னாரு. அவரு கண்ணுல தண்ணி. நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த மனுசன் குடும்பத்தச் சேத்து வச்சுத்தான் மறுவேலைன்னு.

இரும்பும் பேப்பரும் துணியும் சட்டுனு போயிருச்சு. நல்ல சாமான்தான் நின்னு போச்சு. அண்டா, குண்டா, தூக்குவாளி, டேபிள் பேன், டார்ச்சு, கட்டைச் சொம்பு. வீடு வீடாப் போயி, சும்மா வாங்கிக்கங்கன்னேன். ஒருத்தரும் வாங்கல. "அடுத்தவுக வீட்டுப் பழசக் கொண்டாந்து எங்க வீட்டுல போடப் பாக்குறியா, எங்களப் பாத்தா எப்படித் தெரியுது"ன்னு பால்காரப் பேச்சியக்கா சொம்போட தொரத்துச்சு. அது நல்ல சொம்பு. அந்தச் சொம்பு பழசாகிறப்ப எங்கிட்டத்தான வரணும்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. பழசுன்னாத்தான வேணாங்கிறாக? அன்பளிப்புன்னா?

புளியும் செங்கப்பொடியும் போட்டுத் தேச்சேன். பெயிண்டு அடிக்க வேண்டியதுக்கு அடிச்சேன். கலர்த்தாள் சுத்துனேன். அதே பேச்சியக்கா மகளுக்குச் சடங்கு வந்துச்சு. போயி மேசையில வச்சேன். மைக்செட்டுக்காரன் வாங்கிப் படிச்சான், "மேலத்தெரு பரமகுரு சார் அன்பளிப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு ஒண்ணேய்!" தெருவே திரும்பிப் பாத்துச்சு. சொம்போட தொரத்துன பேச்சியக்கா எந்திரிச்சு வந்து கும்பிட்டுச்சு தம்பி. சந்தனம் பூசி, வலுக்கட்டாயமா ரெண்டு எலை சோறு போட்டுச்சு.

அடுத்து காதுகுத்து ஒண்ணு. அண்டா போச்சு. புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுனாக. பேன் போச்சு, றெக்கையத் தனியாச் சுத்திக் குடுத்துட்டேன், அவுக சௌகரியத்துக்கு மாட்டிக்கிறட்டும்னு. மூணு கால் நாற்காலி ஒரு வளைகாப்புக்கு. சுவத்துல சாச்சு வச்சா அருமையா நிக்கும். காலண்டர்ச் சாமியெல்லாம் சட்டம் போட்டு கடை தெறப்புக்குப் போச்சு. பியூஸ் கட்டைய மட்டும் யாருக்குத் தர்றதுன்னு குழம்புனேன். அப்புறம் ஒரு கல்யாண வீட்டுல சீரியல் லைட்டு போடுற பையனுக்கே குடுத்துட்டேன், மாப்பிள்ளை அவந்தான்.

மொதல்ல ஒவ்வொண்ணும் போகையில சார் வாசல் வரைக்கும் வந்து தடவிக் குடுப்பாரு. ஆனா மைக்குல அவரு பேரு கேக்க ஆரம்பிச்சதும் ஆளே மாறிட்டாரு. வெள்ளை வேட்டி கட்டுனாரு. எந்த விசேசத்துக்குப் போனாலும் முன் வரிசை நாற்காலி. "என்ன பெத்தணா, இந்த வாரம் ஏதும் விசேசம் இல்லையா"ன்னு அவரே கேப்பாரு. ஒரு தடவ கூட மைக்குல என் பேரு வந்ததில்ல தம்பி. நான் எதிர்பாக்கவும் இல்ல. சும்மா சொல்றேன்.

ஒருநாள் அந்த வீட்டுல தரை தெரிஞ்சுச்சு. செவப்புத் தரை. "பெத்தணா, நம்ம வீட்டுத் தரை செவப்பாடா"ன்னு கேட்டாரு. அவரே போட்ட தரை. நடு ஹால்ல கட்டிலப் போட்டோம். திண்டுக்கல்ல இருந்து அம்மா வந்தாக. வாசல்லயே நின்னு எட்டிப் பாத்தாக, நம்பல. உள்ள வந்து கட்டில்ல மல்லாக்கப் படுத்து, ரெண்டு கையையும் விரிச்சாக. எதுலயும் இடிக்கல. அப்படியே படுத்த மேனிக்கு அழுதாக. சார் பக்கத்துல நின்னு என்ன செய்யறதுன்னு தெரியாம விசிறி எடுத்து வீசுனாரு. நானும் வெளிய வந்து வண்டி மேல உக்காந்து அழுதேன். இதவிட ஒரு தொழில்ல என்ன வேணும், சொல்லுங்க.

கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு. பத்திரிகையில அம்மாவே சொல்லி அச்சடிச்சாக, "அன்பளிப்புகள் அன்புடன் தவிர்க்கப்படுகின்றன"ன்னு. நான் அப்பவே சொன்னேன், இது அழகில்லன்னு. யாரு கேட்டா?

உங்க பக்கம் செய்முறை உண்டுல்ல தம்பி? ஆங், அதான். ஒருத்தர் நமக்குச் செஞ்சா, அவுக வீட்டு விசேசத்துக்கு நாம திருப்பிச் செய்யணும். செஞ்சத மட்டும் திருப்புனாப் பத்தாது, மேல ஒண்ணு வச்சுத்தான் திருப்பணும். இல்லன்னா ஊர்ல தல நிமிர முடியாது. இது எங்க பக்கத்துல பிறந்த பிள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்துல நெனப்பு வரல. வந்திருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன், அது வேற விசயம்.

மண்டபத்துக்கு மொதல்ல வந்தது அந்த அண்டா. மூடியோட வந்துச்சு. மூடியோட மட்டுமில்ல, உள்ள ஒரு குண்டா, குண்டாவுக்குள்ள ஒரு கரண்டி. பத்திரிகையில வேணாம்னு போட்டிருக்கேன்னு சாரோட மக கேட்டுச்சு. "எங்களுக்குச் செய்வாராம், நாங்க செஞ்சா வாங்க மாட்டாராம். அப்படி என்ன நாங்க தாழ்ந்து போனோம்?"னு கொண்டு வந்தவுக சண்டைக்கு நின்னுட்டாக. ஞாயந்தானே? பின்னாடியே வரிசை கட்டுது ஜனம். பேன் வந்துச்சு, கூட ஒரு புது பேன். மூணு கால் நாற்காலி, நாலாவது கால் வச்சு, கூட ஒரு மேசை. லைட்டுக்காரப் பையன் பியூஸ் கட்டைச் சாக்கோட ஒரு மிக்சியும். சட்டம் போட்ட சாமியெல்லாம் வரிசையா ஊர்வலம் வருது. அதுக்கு மேல சுவர்க்கடிகாரம். எத்தனைன்னு கேக்காதீக. மணி பன்னெண்டு ஆகையில அந்த மண்டபத்துல பேச முடியல, அம்புட்டுச் சத்தம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு தம்பி. கிளாஸ்ல படத்துல காட்டுனாகல்ல, வட்டமா சுத்துறது? அவுக படம்தான் காட்டுனாக. நான் சின்னமனூர்ல செஞ்சே காட்டிட்டேன். ஒரு சாமானும் வீணாப் போகல. எல்லாம் பத்திரமா கிளம்புன எடத்துக்கே வந்துருச்சு!

ஆனா மணையில உக்காந்திருந்த சௌந்திரவல்லியம்மா மொகத்துல சந்தோசம் இல்ல. மைக்குல ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல அவுக பட்டுச் சேலை முந்தானைய முறுக்கிக்கிட்டே இருந்தாக. கூச்ச சுபாவம்னு நெனச்சேன். நல்ல நேரம் முடியப் போவுது, ஐயரு தாலிய எடுத்து சார் கையில குடுக்குறாரு. அப்பப் பாத்து பேச்சியக்கா மேடை ஏறுது. கையில இந்த அடுப்பு. கூடவே அதுக்கு ஜோடியா இன்னொண்ணு, புதுசு. கலர்த்தாளக் கிழிச்சு மணைக்கு முன்னாடியே வச்சிருச்சு. "பரமகுரு அண்ணன் எங்களுக்குச் செஞ்சத மறக்க மாட்டோம்"னு மைக்க வாங்கிச் சொல்லுச்சு. நல்ல மனசு அதுக்கு.

மேளம் நின்னு போச்சு. அம்மா அடுப்பப் பாத்தாக. சாரப் பாத்தாக. சத்தமே போடல. "ரெண்டும் எதுக்க இருக்கோம். யாருக்குக் கட்டுறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க"ன்னாக. 

தாலி சார் கையில ஆடுது. அவரு அடுப்பப் பாக்குறாரு. நெசமாவே பாத்தாரு தம்பி, ஒரு நிமிசம், பழைய பாசம் விடுமா? அதுக்கப்புறம் காலால அத ஒதுக்கி வச்சிட்டு, குனிஞ்சு அம்மா கழுத்துல கட்டுனாரு. முடிச்சுப் போட்டதும் அம்மா அவரு கையப் பிடிச்சுக்கிட்டாக, விடல. எல்லாரும் அட்சதை போட்டோம். கடிகாரமெல்லாம் ஒண்ணா ஒரு மணி அடிச்சுச்சு. அம்சமா இருந்துச்சு.

சாப்பாடு முடிஞ்சு சாமானெல்லாம் மினி லாரியில ஏத்தி வீட்டுல எறக்குனோம். பல நடை. நானே முன்ன நின்னு அடுக்குனேன், அடுக்குறது ஒரு வித்தை. கட்டில் அடியில போயிருச்சு, வேற வழியில்ல, அதுதான் பலமா இருந்துச்சு. ஒத்தையடிப் பாதை விடலாம்னு பாத்தேன், அதுக்கும் பீரோ வந்துருச்சு. சாரும் அம்மாவும் மாலையும் கழுத்துமா ரிக்சாவுல வந்து எறங்குறாக. வாசக்கதவு தெறக்க மாட்டேங்குது. உள்ள இருந்து சாமான் தள்ளுது.

அம்மா திரும்பி ரோட்டப் பாத்து நின்னாக. சார் அந்தக் கதவப் பாத்தாரு. மடியில இருந்து சாவிய எடுத்து என் கையில வச்சாரு. "பெத்தணா, எல்லாத்தையும் நீயே பாத்துக்க"ன்னாரு. "சார், உங்களுக்கு எடுத்து வைக்க வேண்டியது ஏதாச்சும்"னேன். "ஒண்ணும் வேணாம்"னாரு. அவரா சொன்னாருன்னு இருந்துச்சு எனக்கு. எதையும் தூக்கிப் போடாத மனுசன் தம்பி! மாலையக் கழட்டி வாசல்ல மாட்டிட்டு, அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு, வெறுங்கையோட பஸ் ஸ்டாண்டப் பாத்து நடந்துட்டாரு. 

இப்ப திண்டுக்கல்ல மக வீட்டுக்குப் பக்கத்துல மாடியில ஒத்த ரூம்பு. போய்ப் பாத்தவுக சொன்னாக. ஒரு கட்டில், ரெண்டு தட்டு, ஒரு பானை. வேற ஒரு சாமான் இல்லையாம். பாவம்ல? அந்த வயசுல ரெண்டு பேரும் வெறுந்தரையில கால நீட்டி உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாகளாம். கஷ்டத்த வெளிய காட்டிக்கிறல போல.

இங்க என் நெலமையக் கேளுங்க. இப்ப ஊரு கூடச் செஞ்சிருச்சு, பாக்கி நம்ம பக்கம். சாவி எங்கிட்ட. அப்ப நான்தானே திருப்பிச் செய்யணும்? சார் மானத்தக் காப்பாத்தணும்ல? கலர்த்தாள் சுத்திக்கிட்டு விசேசத்துக்குப் போனா, ஜனம் ஓடுது தம்பி. போன வாரம் ஒரு கல்யாணத்த விடியறதுக்கு முன்னாடி மைக்செட்டு இல்லாம முடிச்சுட்டாக. பேச்சியக்கா ரெண்டாவது மக சடங்கானத எங்கிட்ட காய்ச்சல்னு சொல்லுச்சு. எங்க தெருவுல இப்ப எந்த நல்லதும் நடக்குறதில்ல, நடந்தாலும் ஜன்னலச் சாத்திக்கிட்டு நடத்துறாக. ஒரு மனுசன் ஊருக்கு நல்லது செஞ்சா இப்படியா?

சரி, ஊர விடு, சாருக்காச்சும் உதவுவோம்னுதான் இந்த அடுப்பத் தூக்கிட்டுக் கிளம்புனேன். கேஸு திடீர்னு தீந்து போச்சுன்னா? ஒத்த ரூம்புல மாத்து அடுப்பு கூட இல்லையே. நேத்து போன் போட்டேன். மகதான் எடுத்துச்சு. "அப்பா ஊர்ல இல்ல"ன்னுச்சு. பின்னாடி சார் இருமுற சத்தம் கேட்டுச்சு. ஆள் ஊர்ல இல்லன்னாலும் இருமல் இருக்கத்தானே செய்யும். அடுப்புத்தான் இன்னைக்கு. இத மொதல்ல சேத்துட்டா, அப்புறம் வாரம் ஒண்ணா, அந்த நாற்காலி, பேன்னு கொண்டாந்து குடும்பத்த நெறப்பிரலாம்.

என்ன தம்பி, எந்திரிச்சிட்டீக? செம்பட்டி வந்துருச்சா? இருங்க, காலக் கொஞ்சம் நகத்துறேன்.

என்னது? 

அடுப்பா? இதையா? உங்களுக்கா?

தம்பி, வெளையாடாதீக. உங்க வீட்டுல கேஸு இல்லையா? இருக்கா. அப்புறம் எதுக்கு... சரி சரி, கேக்கல. கண்டிப்பா வேணுமா? அந்தக் கட்டில் போட்ட ரூம்ப நெனச்சா உங்களுக்கே என்னமோ செய்யுதா? எனக்கும் அப்படித்தான் தம்பி, அதான் கொண்டு போறேன். ஓ, நீங்க வாங்கிக்கிட்டா அவுகளுக்கு நல்லதா? அது எப்படின்னு எனக்கு வெளங்கல.

இந்தாங்க. பிடிங்க. ரிப்பன் நசுங்கிராம. அட, கைல ஏந்திக்கிட்டீகளே. இம்புட்டு வருசத்துல ஒருத்தர் கூட அவரா வாயத் தெறந்து "எனக்குக் குடு"ன்னு கேட்டதில்ல தம்பி. அந்தம்மா கிளாஸ்ல சொன்ன கை இதுதான். செம்பட்டியில இருந்திருக்கு, நான் சின்னமனூர்லயே தேடிக்கிட்டு இருந்திருக்கேன். கண்ணு கலங்குது, சிரிக்காதீக.

கண்டக்டர், நிறுத்துங்க, நானும் இங்கயே எறங்கிக்கிறேன். திண்டுக்கல் எதுக்கு இனிமே? வெறுங்கைய வீசிக்கிட்டு ஒருத்தர் வீட்டுக்கு எப்படிப் போறது? மரியாதை இல்ல. எதுக்க வர்ற பஸ்ஸப் பிடிச்சு ஊருக்குப் போயிருறேன். 

பாத்து எறங்குங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆகலைல்ல? ஆகட்டும், ஆகட்டும், அடுப்பு வந்துருச்சுல்ல, பொண்ணும் வந்துரும். இத அன்னைக்கு மேசையில வச்சுருங்க தம்பி, மைக்குல சொல்லச் சொல்லுங்க. பரமகுரு சார்னு வேணாம். அவரு பேரு போதும், நெறயா வந்துருச்சு.

பெத்தணன். மேலத்தெரு பெத்தணன் அன்பளிப்புன்னு சொல்லச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவ.